திருகாணியைத் தொடும் முன் மாடிக்குப் போயிருக்கலாம்

போன வருஷம் ஜூன் மாதம் யூபிட்எக்ஸ் என்ற ரேடியோ பலகை வீட்டுக்கு வந்தது. அதில் உருப்படியாக ஒருவரோடு பேசியது இந்த ஜனவரியில்தான். இடையில் போனது ஏழு மாதம், ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய், கருகிய மாஸ்ஃபெட் (பவர் டிரான்சிஸ்டர்) நாலு, தண்ணீர் புகுந்து வீணான ஆன்டெனா கேபிள் ஒரு சுருள். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் தேர்வுக்காக ஓம் விதியிலிருந்து ஆன்டெனா வரை எல்லாம் படித்து எழுதித்தான் பாஸ் செய்தேன், அழைப்புக்குறியும் (ரேடியோவில் நம் பெயர் அதுதான்) கையில் இருந்தது. ஆனால் திண்டுக்கல்லில் நேரில் வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, "தம்பி, இங்க கை வைக்காதீங்க" என்று சொல்ல எனக்குப் பழக்கமான ஹாம், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர், ஒருவர்கூட இல்லை. அந்த ஒரு வாக்கியத்தின் விலைதான் ஆறாயிரம்.

தெரியாதவர்களுக்காக: யூபிட்எக்ஸ் என்பது ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த டிரான்ஸ்சீவர். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கலாம், பேசலாம், 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) சுமார் 10 வாட் கிடைக்கும். ஜப்பான் கம்பெனி செட்டு ஒன்றின் விலையில் சிறு பங்குதான் ஆகும். பலகையில் பாகங்கள் எல்லாம் பற்றவைத்தே வரும், மைக், ஸ்பீக்கர், டயல் குமிழ், மின் இணைப்பு, பெட்டி இதெல்லாம் நம் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். உண்மையிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆனது. மாலை ஆறு மணிக்குத் திரை ஒளிர்ந்தது, நானும் மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு இணையாக ஒரு வயரை இழுத்துக் கட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டது ஒரே இரைச்சல். ஆலை ஓடுகிற மாதிரி "ர்ர்ர்ர்" என்று டயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

இரண்டு வாரம் பலகையைத்தான் சந்தேகப்பட்டேன். உண்மையான காரணம் நான் 850 ரூபாய் கொடுத்து வாங்கிய 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். மின் சப்ளை, எல்.ஈ.டி. பட்டை விளக்குகளுக்குப் போடுவார்களே, ஓட்டை ஓட்டையாகத் தகரப் பெட்டி, அது. உள்ளே அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருகிறது, அந்த வெட்டுகளின் சத்தம் குறுஅலை முழுக்கப் பரவுகிறது. இது எனக்குப் புரிந்தது படித்ததால் அல்ல. எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருந்தார்கள், காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. சும்மா உட்கார மனம் வராமல் பழைய யு.பி.எஸ்.ஸிலிருந்து 7 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கழற்றி ரேடியோவில் மாட்டினேன். அப்படி ஒரு அமைதியை அந்த ஸ்பீக்கரில் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. தெரு முழுக்க மின்சாரம் இல்லை, அமைதிக்கு நடுவில் யாரோ ஒருவர் மலையாளத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளினால் பெங்களூர். இன்னும் கொஞ்சம் தள்ளினால் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை நிலையம். மாலை நான்கு மணி வரை சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். கரண்ட் வந்த நொடியில் ஆலை மறுபடி ஓட ஆரம்பித்தது.

புதிதாக ரேடியோ வைப்பவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியது இதுதான்: பேட்டரியில் ஓட்டுங்கள், அப்புறம் வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் குறைந்தால் கள்ளன் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறான். ஒவ்வொரு பியூஸாகப் போட்டுப் பார்த்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். என் வீட்டில் மாடிப்படி எல்.ஈ.டி. பல்பு ஒன்று, வைஃபை ரூட்டரின் அடாப்டர் ஒன்று, அப்புறம் அந்த 850 ரூபாய் தகரப் பெட்டி. பல்பை மாற்றினேன், அடாப்டரையும் மாற்றினேன், தகரப் பெட்டியைப் பரணில் போட்டேன். பேட்டரியோடு சமாளித்து, பிறகு டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய மாதிரி சப்ளை ஒன்று வாங்கினேன். கனம் அதிகம்தான், ஆனால் சத்தம் போடாது.

கேட்க முடிந்ததும் பேச ஆசை. இங்கேதான் வினை. இரண்டு மூன்று காலைகள் 40 மீட்டரில் கூப்பிட்டேன். ஒருவர் மட்டும் "ஏதோ கேட்குது, ஆனா புரியல ஓ.எம்." என்றார் (ஹாம்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்). சரி, பவர் போதவில்லை என்று நானே முடிவு கட்டினேன். பலகையில் பவரைப் பெருக்கும் கடைசிக் கட்டத்தில் ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட் இரண்டு இருக்கும், பக்கத்திலேயே ஆளுக்கொரு சின்ன நீல பிரீசெட், அதாவது திருகாணி வைத்த ரெசிஸ்டர். அதைத் திருப்பினால் பவர் ஏறும் என்று எங்கோ அரைகுறையாகப் படித்திருந்தேன். மீட்டர் எதுவும் வைக்கவில்லை. மைக்கை அழுத்திக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று சொல்லியபடியே திருகாணியைத் திருப்பினேன். திருப்பினால் ஏதாவது தெரிய வேண்டுமே, ஒன்றும் தெரியவில்லை. இன்னும் திருப்பினேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது, சூடான வார்னிஷ் வாடை வந்தது, ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) விரல் பட்டுக் கொப்பளித்தது, கையை உதறுவதற்குள் பேட்டரியிலிருந்து வந்த சிவப்பு வயரின் உறை புகைந்து ஒழுகத் தொடங்கியது. வயரைப் பிடுங்கி எறிந்தேன். கீழே இருந்து அம்மா, "என்னடா கருகுது, அடுப்புல ஒண்ணும் இல்லையே" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. இவ்வளவு படித்து இவ்வளவு முட்டாளா என்று என்மீதே வெறுப்பு.

நடந்தது என்ன என்று இப்போது சொல்ல முடியும். அந்த பிரீசெட் பவர் குமிழே அல்ல. மாஸ்ஃபெட் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று நிர்ணயிப்பது, அதைத்தான் பயாஸ் என்கிறோம். ஐஆர்எஃப்510-ஐக் கட்டுப்படுத்தும் கேட் முனையில் 2 முதல் 4 வோல்ட்டுக்குள் ஏதோ ஒரு புள்ளியில் அது கடத்தத் தொடங்கும், அதைத் தாண்டிக் கொஞ்சம் திருப்பினாலும் மின்னோட்டம் கிடுகிடுவென ஏறும். சூடு ஏற ஏற அதே வோல்ட்டில் இன்னும் அதிகம் ஓடும். ஓட ஓட இன்னும் சூடு. ஒன்று கருகி ஷார்ட் ஆனதும் பேட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் கொட்டியது, நடுவில் நான் பியூஸ்கூடப் போடவில்லை. ஐந்து ரூபாய் பியூஸ்.

புது மாஸ்ஃபெட்டை இணையத்தில் மலிவாகக் கிடைத்த இடத்தில் வாங்கினேன், அனுப்பும் செலவோடு 420 ரூபாய். வந்தவை மேலே எழுத்து விரலால் தேய்த்தாலே மங்குகிற ரகம். சரி, போலியோ அசலோ, அவை செத்ததற்குக் காரணம் நான்தான். இந்த முறை மீட்டரெல்லாம் வைத்தேன், ஆனால் ஹீட் சிங்க் சின்னதாக இருந்ததால்தான் கருகியது என்று நினைத்து இரண்டையும் நேராக அலுமினியப் பெட்டியின் பின்சுவரிலேயே திருகிவிட்டேன். ஐஆர்எஃப்510-இன் உலோக முதுகு வெறும் தகடல்ல, அதுதான் மின்னோட்டம் போகும் டிரெயின் முனை, 12 வோல்ட் அங்கேதான் நிற்கிறது. பெட்டியோ எர்த்தில். நடுவில் மைக்கா தகடும் திருகுக்குப் பிளாஸ்டிக் வாஷரும் வைக்காவிட்டால் நேரடி ஷார்ட். இந்தத் தடவை பியூஸ் இருந்தது, ஆனால் கையில் இருந்தது 10 ஆம்பியர் பியூஸ், கார் கடையில் வாங்கியது. அது போவதற்குள் பலகையில் ஒரு செப்புத் தடமும் சேர்ந்து போனது. பதற்றத்தில் மாஸ்ஃபெட்டைக் கழற்றும்போது சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைத்து அவற்றையும் கெடுத்தேன். மூன்றாம் செட்டுக்குச் சென்னை ரிச்சி தெருவுக்கே போய், பஸ் டிக்கெட், மைக்கா, வாஷர், சரியான பியூஸ் எல்லாம் சேர்த்து 780 ரூபாய்.

மூன்றாவது முறை செய்ததை விவரமாகவே சொல்கிறேன். பலகையில் கடைசிக் கட்டத்துக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறது, அதை மட்டும் பிரித்து, நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராகப் போட்டேன், கூடவே ஒரு டூவீலர் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், அதுவும் தொடரில். என்ன தப்பு செய்தாலும் ஒரு ஆம்பியருக்கு மேல் ஓட அந்தப் பல்பு விடாது, பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். பதினைந்து ரூபாய்க்கு இதைவிட நல்ல காவல்காரன் கிடையாது. ஆன்டெனா இடத்தில் டம்மி லோடு, அதாவது பவரை வெளியே விடாமல் சூடாக்கித் தின்னும் ரெசிஸ்டர். கேட் முனையில் வோல்ட் அளந்து, எந்தப் பக்கம் திருப்பினால் குறைகிறது என்று பார்த்து இரண்டு பிரீசெட்டையும் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தேன். மைக்கை அழுத்தி, வாயை மூடிக்கொண்டு (பேசினால் கணக்கு கெடும்), முதல் பிரீசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, மீட்டர் 0.10 காட்டியதும் நிறுத்தினேன், அதாவது 100 மில்லி ஆம்பியர். பிறகு இரண்டாவது, மொத்தம் 0.20 வரும்வரை. ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி பார்த்தேன், சூட்டில் கொஞ்சம் ஏறியிருந்தது, குறைத்துவிட்டேன். அவ்வளவுதான். முழு வேலையும் பத்து நிமிஷம். பல்பைக் கழற்றிவிட்டு 3 ஆம்பியர் பியூஸைப் போட்டேன்.

டம்மி லோடு பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் 47 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரைத்தான் மாட்டினேன், மீட்டர் 47 என்று சரியாகத்தான் காட்டும், ஆனால் உள்ளே சுற்றியிருப்பது கம்பி, ரேடியோ அலைக்கு அது ஒரு காயில். அதில் அளந்த எந்த அளவுக்கும் அர்த்தமில்லை. 1 கிலோ ஓம், 2 வாட், சாதாரண ஃபிலிம் ரெசிஸ்டர் இருபதை இணையாகப் பற்றவையுங்கள், 50 ஓம் வரும், 40 வாட் தாங்கும். அதன் குறுக்கே ஒரு டையோடும் சின்னக் கெபாசிட்டரும் வைத்து மல்டிமீட்டரில் உச்ச வோல்ட்டை அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி நூறால் வகுத்தால் வாட். எனக்கு 30 வோல்ட், ஆக 9 வாட்.

9 வாட் வருகிறது. மறுபடி காலையில் கூப்பிட்டேன். மறுபடி யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அதாவது ரேடியோ முதல் நாளிலிருந்தே ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் நல்ல பலகையை இரண்டு முறை எரித்திருக்கிறேன். இதை உணர்ந்த அன்று பெட்டியை மூடி வைத்துவிட்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

கோளாறு மாடியில். 40 மீட்டருக்கு நம் நாட்டில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ். நடுவில் கேபிள் சேரும் இரண்டு பக்கக் கம்பி ஆன்டெனாதான் டைப்போல், அதன் நீளத்துக்கு எல்லோரும் சொல்வது 143-ஐ அலைவெண்ணால் வகுக்கச் சொல்லும் சூத்திரம். 7.1-க்கு 20 மீட்டர் 14 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 10.07. அதே அளவில் வீட்டு வயரிங் கம்பியை வெட்டி, பெட்டிக்குப் பக்கத்திலேயே கொடிக்கு இணையாகக் கட்டியிருந்தேன். சூத்திரம் வெறும் செம்புக் கம்பிக்கு. மேலே பி.வி.சி. உறை இருந்தால் அதே கம்பி மின்ரீதியாக இன்னும் நீளமாக நடந்துகொள்ளும். தரைக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும். போதாக்குறைக்கு அம்மா ஒருநாள் அதன்மேலேயே நனைந்த போர்வையைக் காயப்போட்டிருந்தாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பார்த்தால் கொடி மாதிரிதான் இருந்தது. பேசும் நேரத்தில் டைப்போலின் நுனியில் வோல்ட் அதிகம், தொட்டால் சுடும், கைக்கு எட்டும் இடத்தில் கட்டவே கூடாது என்பது பிறகுதான் உறைத்தது.

1,900 ரூபாய்க்கு ஒரு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வாங்கினேன், அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டுவது, 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 7.0-இல் 2.4, 7.2-இல் 3.5. அதிகமாக இருக்கிறதே, நீளம் போதவில்லை என்று நினைத்து அரை மீட்டர் ஒட்டுப்போட்டேன். இன்னும் மோசமானது. அலைவெண் ஏற ஏற எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் கம்பி நீளம் அதிகம், வெட்ட வேண்டும். ஏற ஏற இறங்கினால் குறைவு, சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் ஒரு வாரம் போனது. வெட்டும்போது கணக்கு எளிது: பத்து மீட்டரில் பத்து சென்டிமீட்டர் என்றால் நூற்றில் ஒன்று, அலைவெண்ணும் நூற்றில் ஒன்று நகரும், சுமார் 70 கிலோஹெர்ட்ஸ். என் கம்பி 6.8-இல் உட்கார்ந்திருந்தது (எஸ்.டபிள்யூ.ஆர். அங்கேதான் மிகக் குறைவு), 7.1-க்கு வர பக்கத்துக்கு நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது. குறைத்தேன், மார்பு உயரத்தில் வைத்தே அளந்து அளந்து. அருமையாக 7.1 வந்தது. அப்புறம் இருபது அடி ஜி.ஐ. பைப்பில் ஏற்றினேன், 7.25-க்கு ஓடிவிட்டது. உயரம் ஏறினால் அலைவெண்ணும் ஏறும். மறுபடி ஒட்டு. ஆகவே கம்பியை வெட்டாதீர்கள், நுனியை மடித்துத் தன்மேலேயே முறுக்கிவிடுங்கள், அதுவே குறைத்த மாதிரிதான், வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம். அளப்பது எப்போதும் ஏற்றிய உயரத்தில்.

கம்பியின் ஒரு நுனி எங்கள் வீட்டுத் தென்னையில், மற்றது பக்கத்து வீட்டு மாடித் தூணில். அந்த அக்காவிடம் அனுமதி கேட்கப் போனபோது, "தம்பி, இது செல்போன் டவர் மாதிரி ஏதும் பண்ணாதே? பிள்ளைங்க மேல விளையாடும்" என்றார். ஒரு குண்டு பல்பின் அளவுகூட இதில் பவர் கிடையாது, அதுவும் நான் பேசும்போது மட்டும்தான் என்று சொல்லி, கூட்டிவந்து கேட்கவும் வைத்தேன். இதை முதலிலேயே செய்துவிடுங்கள், கம்பி கட்டியபிறகு விளக்கம் சொல்லப் போனால் எடுபடாது. தென்னை காற்றில் ஆடும் என்பதால் கயிறை நேரே கட்டாமல் ஒரு கப்பியில் போட்டு நுனியில் செங்கல் தொங்கவிட்டேன், அதற்கு முன்பு ஒருமுறை அறுந்து விழுந்ததும் உண்டு.

அக்டோபரில் மழை தொடங்கியது. நவம்பர் நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டியது. 7.0-இலும் 1.1, 7.2-இலும் 1.1, ஏன், 7.3-இலும். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கேட்பதும் மங்கிவிட்டது. வேறு ஊரில் இருக்கும் மூத்த ஹாம் ஒருவரிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "எல்லா இடத்துலயும் நல்லா இருக்குன்னா நல்லா இல்லைன்னு அர்த்தம் தம்பி. கேபிளைக் கழட்டி உதறிப் பாருங்க." உதறினேன், கனெக்டரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழைநீர் கேபிளின் வலைப்பின்னல் வழியாக இறங்கி, செம்பெல்லாம் கறுத்திருந்தது. போகும் பவரையும் திரும்பும் பவரையும் கேபிளே தின்றுவிடுகிறது, திரும்பி வருவது குறைவதால் மீட்டர் அழகான எண்ணைக் காட்டுகிறது. புதுக் கேபிளும் கனெக்டர்களும் 1,350 ரூபாய். இப்போது கனெக்டர்மேல் டேப், அதன்மேல் சைக்கிள் டியூப் பட்டையை இழுத்துச் சுற்றி, கேபிளை வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருக்கிறேன், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மீதி டியூனிங் எல்லாம் சின்ன வேலை. டயல் காட்டுவது கொஞ்சம் தள்ளியிருந்தது, 7200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மாலையில் ஒலிபரப்பு நிலையங்கள் ஐந்தின் மடங்கில் உட்கார்ந்திருக்கும், அதில் ஒன்றின் விசில் சத்தம் மறையும் இடத்தை வைத்துச் சரிசெய்தேன். குரல்கள் மூக்கடைத்த மாதிரி கேட்டதற்கு மெனுவில் பி.எஃப்.ஓ.வை (குரலை மீட்டெடுக்க ரேடியோ உள்ளேயே உண்டாக்கும் அலை) நகர்த்த வேண்டும், கனத்த உறுமலும் கீச்சும் சமமாகும் இடத்தில் விட்டுவிடுங்கள், அளவுகருவி எதுவும் வேண்டாம், காது போதும். ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவியான நானோ வி.என்.ஏ. கடைசியில் வாங்கினேன், அதை முதலில் வாங்கியிருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும் தேவைப்பட்டிருக்காது, கம்பிக்கும் அறுநூறு ரூபாய் அழுதிருக்க மாட்டேன்.

ஜனவரியில் ஒரு காலை, ஏழே கால் இருக்கும், கூப்பிட்டதும் கோழிக்கோட்டிலிருந்து ஒருவர் திரும்பக் கூப்பிட்டார். ஐந்து ஒன்பது என்றார், அதாவது தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது, எத்தனை வாட் என்று கேட்டார், ஒன்பது என்றதும் நம்பவில்லை, ஆன்டெனா என்ன என்று கேட்டார். தென்னை மரம், செங்கல் எல்லாம் சொன்னேன். பதினேழு நிமிஷம் பேசினோம், லாக் புத்தகத்தில் இருக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா மாடியில் சோலார் போட்டிருக்கிறார்கள், இன்வெர்ட்டர் என் கம்பி கட்டிய தூணிலேயே. காலை எட்டு மணிக்கு வெயில் ஏறினதும் 40 மீட்டரில் பழைய ஆலை மெல்ல ஓட ஆரம்பிக்கிறது. இன்றைக்கு பேட்டரியும் ரேடியோவுமாக அவர்கள் மாடிக்குப் போய் அளந்துவிட்டு வந்தேன், வயரில் வரும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் நாலு ஆர்டர் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாராம், அன்றைக்கு வரச் சொன்னார்கள்.